அமர்ந்து பேசியோர் எண்ணிக்கை

தலைநகரத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு, நாட்டில் புதுமை குறைந்துவிட்டது என்று கண்டுபிடித்தார்கள். எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்று கேட்கக் கூடாது; அளந்து பார்த்திருப்பார்கள். உடனே வட்டார மன்றத்துக்கு எழுதினார்கள். புதுமை என்பது மேலிருந்து கீழே வரக் கூடாது, கீழிருந்துதான் மேலே வர வேண்டும் என்று வட்டார மன்றம் முடிவு செய்தது. அப்படி மேலே வந்தே தீர வேண்டும் என்று மேலிருந்து ஓர் உத்தரவைக் கீழே அனுப்பியது. மாவட்ட அலுவலகம் நடுவில் ஒரு முத்திரை குத்தியது. கடைசியில் ஒரு சின்ன நகராட்சியின் ஆணையர் மேசைக்கு வந்து சேர்ந்தபோது உத்தரவு இரண்டு பக்கம், அதைச் சுமந்து வந்த இணைப்புக் கடிதங்கள் நாற்பத்தொரு பக்கம்.

இரண்டு பக்கத்தின் சாரம் இதுதான். வட்டாரத்தின் பதினான்கு நகராட்சிகளும் ஆளுக்கொரு புதுமைப் பிரிவு தொடங்க வேண்டும். அதில் ஒரு மேசை, இரண்டு நாற்காலி, ஒரு பதிவேடு, ஓர் அலுவலர். ஊர்மக்கள் யார் வேண்டுமானாலும் வந்து, எதிர் நாற்காலியில் அமர்ந்து, தங்கள் யோசனையைச் சொல்லலாம். மூன்று மாதத்துக்கு ஒரு முறை அறிக்கை. தொடர்ந்து நான்கு அறிக்கைகளில் ‘அமர்ந்து பேசியோர் எண்ணிக்கை’ என்ற கட்டத்தில் பூஜ்யம் இருந்தால் பிரிவு மூடப்படும், அலுவலர் விடுவிக்கப்படுவார்.

விடுவிக்கப்படுவார் என்பது நல்ல சொல்தான். கைதிக்குச் சொன்னால் துள்ளிக் குதிப்பான். ஐம்பத்தாறு வயது அலுவலருக்குச் சொன்னால், வீட்டைப் பார்த்துப் போ என்று அர்த்தம்.

ஆணையர் காரியத்தில் கண்ணான பெண்மணி. யாரை எடுத்தால் அலுவலகம் நிற்காது என்று யோசித்தார். குடிநீர்ப் பிரிவில் ஒருவரை எடுத்தால் தண்ணீர் நின்றுவிடும். சுகாதாரப் பிரிவில் எடுத்தால் குப்பை நிற்கும். தெருவிளக்குப் பிரிவில் ஒருவர் இருபத்தாறு வருடமாக விளக்கு எண்களை வரிசையாக எழுதி, எரிகிறது, எரியவில்லை என்று குறித்துக்கொண்டிருந்தார். தெருவிளக்கு வேலை முழுவதையும் போன வருடமே ஒரு தனியார் கம்பெனிக்குக் கொடுத்தாகிவிட்டது என்பதும், அதை அவரிடம் சொல்ல எல்லாரும் மறந்துவிட்டார்கள் என்பதும் அப்போதுதான் தெரியவந்தது. விளக்குகள் பாட்டுக்கு எரிந்தன, அவர் பாட்டுக்கு எழுதினார். ஆணையரின் விரல் அவர் மேல் போய் நின்றது.

அன்றிலிருந்து அலுவலகத்தில் அவருக்குப் புதுமையார் என்று பெயர் விழுந்தது. பழைய பெயரை யாரும் தேடவில்லை.

அவருக்குக் கொடுத்த அறை மூன்றாம் மாடியில், தண்ணீர்த் தொட்டிக்கு ஏறும் இரும்பு ஏணிக்குப் பக்கத்தில் இருந்தது. அதற்குப் போகும் தாழ்வாரம் கொஞ்சம் நீளம். ஒரு முறை கடைநிலை ஊழியர் ஒருவர் ஒரு சுற்றறிக்கையை எடுத்துக்கொண்டு படியேறினார். அவர் தாழ்வாரத்தைக் கடப்பதற்குள் அதை ரத்து செய்து இன்னொரு சுற்றறிக்கை புறப்பட்டு, அவரைப் பாதி வழியில் முந்திவிட்டது. பெயர்ப்பலகை வட்டார மன்றத்திலிருந்தே வந்தது: ‘வட்டாரப் பல்லடுக்கு ஆளுகைப் புதுமை ஒருங்கிணைப்பு அலகு’. பலகை கதவைவிட அகலமாக இருந்ததால் பாதி அவர் கதவின் மேலும் மீதி பக்கத்துக் கழிவறைக் கதவின் மேலும் மாட்டப்பட்டது. ‘புதுமை ஒருங்கிணைப்பு அலகு’ என்ற பாதி கழிவறைக்குப் போயிற்று. அந்தப் பாதிக்கு ஆள் வந்தது.

புதுமையார் தினமும் ஒன்பதே முக்காலுக்கு வந்து, இரண்டு நாற்காலியையும் துடைத்து, ஒன்றில் உட்கார்ந்து இன்னொன்றைப் பார்ப்பார். முதல் மூன்று மாதத்தில் ஒரே ஒருவர் எட்டிப்பார்த்தார்.

“எக்ஸ்ரே இங்கதானே எடுக்கறாங்க?”

“இல்லைங்க. இது புதுமைப் பிரிவு. உள்ள வாங்க, உட்காருங்க.”

“உட்கார நேரமில்ல சார், விலா எலும்பு.”

அவர் விலாவைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார். நின்றபடி பேசியதால் விதிப்படி கணக்கில் வரவில்லை. முதல் அறிக்கையில் பூஜ்யம். இரண்டாவதிலும் பூஜ்யம். மூன்றாவதில், பூஜ்யத்தைக் கொஞ்சம் பெரிதாகப் போட்டார்.

வீட்டில் நிலைமை இதைவிடச் சுருக்கம். மனைவி போய் ஆறு வருடம் ஆகிறது. பிள்ளைகள் இல்லை. ஃப்ரிட்ஜ் ஒன்றுதான் அந்த வீட்டில் தானாகச் சத்தம் போடும். அது உறுமி அடங்கும்போது, “சரி, சரி” என்று சொல்லும் பழக்கம் அவருக்கு வந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் தூரத்து நகரத்திலிருந்து தங்கை போன் பண்ணுவாள்.

“எதுக்குண்ணா அங்க தனியாக் கிடந்து அல்லாடறீங்க? இங்க பின்பக்க ரூம் சும்மாதான் இருக்கு. வாஷிங் மெஷினைக் கொஞ்சம் நகர்த்தினா ஒரு கட்டில் போட்டுடலாம்.”

“மெஷின் எங்க போகும்?”

“அது எங்கயும் போகாது. அது பாட்டுக்கு அங்கயே இருக்கும். நீங்க அது பக்கத்துல இருப்பீங்க.”

“ராத்திரி ஓடுமா?”

“கரண்ட் இருந்தா ஓடும். வேலை இருக்கற வரைக்கும்தாண்ணா உங்களுக்கு இந்த சாக்கு. அது முடிஞ்சா நேரா கிளம்பி வந்துடணும், சொல்லிட்டேன்.”

தங்கை பாசக்காரிதான். அதில் குறை சொல்ல முடியாது. ஆனால், இடம் இருக்கிற இடத்தில் வைக்கப்படும் பொருளாகத் தான் ஆகிவிடுவோம் என்று அவருக்குப் பயமாக இருந்தது. யாரும் வராத அறையாக இருந்தாலும் அதற்கு ஒரு சாவி உண்டு, அந்தச் சாவி அவர் பையில் இருந்தது. காலையில் முகம் மழிக்க ஒரு காரணம் இருந்தது. நான்காவது அறிக்கையிலும் பூஜ்யம் போனால் இரண்டும் போய்விடும்.

வரிப் பிரிவுத் தலைமை எழுத்தர், எல்லாரும் வரிக்காரர் என்று கூப்பிடுகிறவர், மதியச் சாப்பாட்டு டப்பாவோடு சில நாள் மேலே வருவார். நின்றபடியே சாப்பிடுவார், சக ஊழியர் உட்கார்ந்தாலும் கணக்கில் வராது என்பதால் உட்காரச் சொல்லிப் பயனில்லை.

“யோவ் புதுமை, மத்த ஊர் அறிக்கை எல்லாம் பார்த்தியா? நூறு, இருநூறுன்னு போட்டுத் தாக்கறாங்க. ஒரு ஊர்ல நாற்காலிக்கு டோக்கனாம்.”

“அவ்வளவு யோசனையா இருக்கு ஜனங்ககிட்ட?”

“யோசனை ஜனங்ககிட்ட இல்லய்யா, எழுதறவன்கிட்ட இருக்கு. நீ என்ன அரிச்சந்திரனுக்கு அத்தை பையனா? ஒரு பேரை எழுதித் தொலை. எரியாத விளக்கை எல்லாம் எரியுதுன்னு எழுதினவன்தானே நீ.”

“அது விளக்கு.”

“இது நாற்காலி. ரெண்டும் வாயைத் திறந்து சொல்லப்போறதில்ல.”

நான்காவது அறிக்கைக்கு ஒரு நாள் மிச்சம் இருக்கும்போது, ஒரு புதன்கிழமை மத்தியானம், புதுமையார் பதிவேட்டைத் திறந்து வரிசை எண் ஒன்று என்று எழுதினார். தொழில் என்ற இடத்தில் லாரி டிரைவர் என்று போட்டார். லாரி டிரைவர் என்றால் ஊரில் இருக்கமாட்டார், யாரும் தேடமாட்டார்கள். பெயருக்கு ஒரு கிறுக்கல், கையெழுத்துக்கு இடது கையால் இன்னொரு கிறுக்கல். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். யோசனை என்ற கட்டம் காலியாக இருந்தது. பேனா கொஞ்சம் தயங்கிவிட்டு, பிறகு தயங்காமல் ஓடியது.

சாலையில் உள்ள ஒவ்வொரு குழிக்கும் எண் போட வேண்டும் என்றார் டிரைவர். எண் இருந்தால் புகார் சொல்வது சுலபம். இரண்டு டிரைவர்கள் வழியில் பேசிக்கொள்ளும்போது எந்தக் குழி என்று குழப்பம் வராது. பஸ் ஏறும் கர்ப்பிணிகளுக்கு எந்த எண்ணிலிருந்து எந்த எண் வரை கம்பியைப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம். நாற்பது நிமிடம் பேசினார். இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்தார். வண்டி ஜன்னலில் வைத்து வைத்து வலது முழங்கை மட்டும் கறுத்திருந்தது. இதற்கெல்லாம் கட்டம் இல்லாததால் புதுமையார் குறிப்பு என்ற இடத்தில் பொடி எழுத்தில் எழுதி, ஓரத்திலும் எழுதி, அறிக்கையைக் கீழே அனுப்பிவிட்டு வீட்டுக்குப் போனார். அன்று நன்றாகத் தூக்கம் வந்தது.

மறுநாள் காலை வழக்கம்போல் நாற்காலிகளைத் துடைத்தார். எதிர் நாற்காலியை மேசையிலிருந்து கொஞ்சம் தள்ளிப் போட்டார்; பெரிய உடம்பு, கால் இடிக்கும். தண்ணீர்க் கூஜாவை நிரப்பிவைத்தார். பதினொன்றரைக்குப் படியில் செருப்புச் சத்தம் கேட்டது. எழுந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். சத்தம் கழிவறைக்குப் போயிற்று. அப்போதுதான், தான் எழுதிய ஆளுக்காகத் தானே காத்துக்கொண்டிருப்பது அவருக்கு உறைத்தது. ஒரு வருடமாக யாரும் வராமல் இருந்தார்கள். அது பழகிவிட்டது. இன்று ஒரு குறிப்பிட்ட ஆள் வரவில்லை. இது வேறு மாதிரி வலித்தது.

விடுவிடுவென்று கீழே இறங்கி ஆணையர் அறைக்குப் போனார்.

“மேடம், நேத்து அனுப்பின அறிக்கையில ஒரு சின்னத் திருத்தம்.”

“எவ்வளவு சின்னது?”

“ஒரு ஆள்.”

“கூடவா, குறையவா?”

“குறைய.”

ஆணையர் கண்ணாடியைக் கழற்றினார். “இருக்கறதே ஒரு ஆள்தானே சார்?”

“ஆமா மேடம்.”

“சார், இந்த நகராட்சி ஆரம்பிச்ச நாள்லேர்ந்து ஒரு அறிக்கை குறிச்ச நேரத்துல போனதில்ல. நேத்து முதல்முறையாப் போச்சு. மாவட்டத்துல கூப்பிட்டு, உடம்பு நல்லா இருக்கான்னு விசாரிச்சாங்க. மேல போனது போனதுதான். நீங்க சொன்னது என் காதுல விழல. நான் ஃபைல் பார்த்துட்டிருந்தேன்.”

மேலே போனது மேலே போய்க்கொண்டே இருந்தது. வட்டார மன்றத்தில் பதினான்கு ஊர் அறிக்கைகளையும் கூட்டிப் பார்த்தார்கள். மொத்தம் மூவாயிரத்துத் தொள்ளாயிரத்து ஒருவர் அமர்ந்து பேசியிருந்தார்கள். அதில் மூவாயிரத்துத் தொள்ளாயிரம் பேரும் ஒரே யோசனையைத்தான் சொல்லியிருந்தார்கள்: அலுவலர் சிறப்பாகப் பணியாற்றுகிறார், இப்படியே தொடரலாம். மிச்சம் இருந்த ஒருவர் லாரி டிரைவர். கீழிருந்து வந்துவிட்டது என்றாராம் தலைவர், குரல் தழுதழுக்க. தலைநகரத்துக்கு அனுப்பினார்கள். பதினேழு கையெழுத்துகளோடு, பத்தே வாரத்தில், ‘குழி எண்ணிடல் முன்னோடித் திட்டம்’ திரும்பிக் கீழே வந்தது.

ஊரே அமளிப்பட்டது. பெயின்ட் டப்பாவும் தூரிகையுமாக நான்கு பேர் தெருத்தெருவாகப் போய்க் குழியைச் சுற்றி வெள்ளை வட்டம் போட்டு எண் எழுதினார்கள். எண்ணூற்று நாற்பத்தாறு குழிகள். எண் போட்ட குழியை மூடுவதாக இருந்தால் முதலில் எண்ணை ரத்து செய்ய வேண்டும். எண்ணை ரத்து செய்யும் அதிகாரம் தலைநகரத்துக்குத்தான் உண்டு. ஆகவே குழிகள் நிரந்தரமாயின. நிரந்தரமான பிறகு ஜனங்களுக்கு அவற்றின் மேல் ஒரு மரியாதை வந்தது. இருநூற்றுப் பன்னிரண்டுக்கு எதிர்வீடு என்று முகவரி எழுதினார்கள், தபால் சரியாகப் போய்ச் சேர்ந்தது. எழுபத்தேழாம் குழி தன் வாசலில்தான் இருக்கிறது என்று இரண்டு வீட்டுக்காரர்கள் கட்டிப் புரண்டார்கள். ஒரு பாத்திரக் கடைக்காரர் தன் கடைக்கு முன்னால் குழியே இல்லையே என்ற ஏக்கத்தில் கடப்பாரை வாங்கித் தானே தோண்டி, எண்ணூற்று நாற்பத்தேழு கேட்டு மனுக் கொடுத்தார்.

லாரி டிரைவரும் ஊருக்குள் வந்துவிட்டார். டீக்கடையில் ஒருவர் தன் மச்சான் அவரிடம் கிளீனராக இருந்ததாகச் சொன்னார். இன்னொருவர், தங்கமான மனுஷன், கோபம் வந்தால் மட்டும் பேசமாட்டார் என்றார். அவருக்கு இரண்டு பெண்கள் என்பதும் மூத்தவளுக்கு இடம் பார்க்கிறார் என்பதும் வாரக்கடைசிக்குள் தெரிந்துவிட்டது. புதுமையார் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். அந்த ஊரில் ஐம்பத்தேழு வருடம் இருந்த அவரைப் பற்றி அந்தக் கடையில் யாருக்கும் ஒரு தகவலும் தெரியாது.

“உன் டிரைவர் பெரிய ஆளாயிட்டார்யா,” என்றார் வரிக்காரர். “நேத்து எங்க வீட்டுல, அவரை ஒரு நாள் கூப்பிட்டு சாப்பாடு போடணும்னு சொல்றா. நான் என்னன்னு சொல்லட்டும்?”

“கூப்பிட்டா வருவார்னு எனக்குத் தோணல.”

“அது எனக்குத் தெரியாதா?” வரிக்காரர் அவர் முகத்தைப் பார்த்தார். பிறகு தள்ளிப் போட்டிருந்த நாற்காலியைப் பார்த்தார். “யோவ், நீ நிஜமாவே...” என்று ஆரம்பித்தவர் டப்பாவை மூடி எடுத்துக்கொண்டு கீழே போய்விட்டார்.

வட்டார மன்றத்திலிருந்து மதிப்பீட்டாளர் வந்தது அடுத்த மாதம். நாற்பது வயதிருக்கும் பெண்மணி, தோளில் கனமான பை, ஐந்து மணி நேரப் பஸ் பயணத்தில் கலைந்த தலை. யோசனை தந்த குடிமகனை நேரில் பார்த்து, ஆள் இருக்கிறார் என்று உறுதி செய்து, ஒரு பாராட்டுப் பத்திரம் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். அதுதான் அவர் வேலை. தாழ்வாரத்தைக் கடந்து வந்தவர், கேட்காமலே எதிர் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார். அது டிரைவரோட நாற்காலி என்ற வார்த்தை புதுமையார் வாய்வரை வந்து நின்றது.

“நான் உட்கார்றது கணக்குல வராது சார். அரசுப் பணியில வந்தவ.”

“தெரியும் மேடம். தண்ணி குடிங்க.”

அவர் ஒரே மூச்சில் குடித்துவிட்டுப் படிவத்தை எடுத்து மேசைமேல் விரித்தார். “எங்க உங்க டிரைவர்?”

புதுமையார் காலி டம்ளரை மறுபடி நிரப்பினார்.

“வெளியூர் லோடுக்குப் போயிருக்கார்னு சொல்லுங்க,” என்றார் மதிப்பீட்டாளர், சலிப்பும் இல்லாமல் கோபமும் இல்லாமல். “நான் எழுதிக்கறேன். பத்திரத்தை உங்ககிட்ட குடுத்துட்டு அடுத்த பஸ்ஸைப் பிடிக்கறேன். பதிமூணு ஊர் பார்த்துட்டு வர்றேன் சார். ஒரு ஊர் பதிவேட்டுல இருந்த பேரெல்லாம் அந்த ஊர் கால்பந்து டீம். மாற்று ஆட்டக்காரங்க உட்பட. இன்னொரு ஊர்ல அலுவலர் தன் மாமனாரை மட்டும் அறுபது தடவை உட்கார வெச்சிருக்கார். மாமனார் போய்ச் சேர்ந்து நாலு வருஷம். எல்லாத்துக்கும் ஆமான்னு டிக் அடிச்சுட்டுதான் வர்றேன். இல்லைன்னு போட்டா நான் ஏழு இணைப்பு எழுதணும்.”

“இங்கயும் ஆமான்னு போட்டுடுவீங்களா?”

“நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க, போட்டுடறேன். உங்க பிரிவு நிரந்தரம். மாதிரி அலுவலர்னு உங்களுக்கும் ஒரு பத்திரம் வரும். அறுபது வயசு வரைக்கும் யாரும் உங்களை அசைக்க முடியாது.” படிவத்திலிருந்து தலையைத் தூக்கினார். “நிஜம் சொல்லணும்னா, உங்களோடது ஒண்ணுதான் நம்பற மாதிரி இருந்தது. முழங்கை கறுத்திருந்ததுன்னு எழுதியிருந்தீங்க. அதைப் படிச்சப்ப, இவர் ஒருத்தர்கிட்டயாவது நிஜமா யாரோ வந்து உட்கார்ந்திருக்காங்கன்னு நினைச்சேன்.”

ஒரு வார்த்தைதான். பொய் சொல்வதில் புதுமையாருக்குப் பெரிய ஆட்சேபம் எதுவும் கிடையாது. ஆனால் எரியாத விளக்கு ஒன்றை எரிகிறது என்று எழுதினால், அது மறுநாள் அவரைக் காத்திருக்க வைத்ததில்லை. லோடுக்குப் போனவர் என்றால் திரும்பி வர வேண்டியவர். மூன்று மாதத்துக்கு ஒரு முறை தாளில் வருவார். நடுவில் உள்ள தொண்ணூறு நாளும் நாற்காலியைத் தள்ளிப் போட்டு, கூஜாவை நிரப்பி, படியில் கேட்கும் ஒவ்வொரு செருப்புக்கும் எழுந்து நிற்க வேண்டும். இப்படி இன்னும் மூன்று வருடம். வாஷிங் மெஷினையும் நினைத்துப் பார்த்தார். அதுவாவது நிஜமாகவே அங்கே இருக்கும்.

“வரல மேடம்.”

“லோடுலேர்ந்து இன்னும் வரலையா?”

“எப்பவுமே வரல. இந்த ரூமுக்கு யாருமே வரல. நான்தான் எழுதினேன். எழுதிட்டு மறுநாள் அவருக்காக உட்கார்ந்திருந்தேன்.”

“எத்தனை நாள்?”

“இன்னிக்கு வரைக்கும்.”

மதிப்பீட்டாளர் பேனாவின் மூடியைப் போட்டார், எடுத்தார். ஜன்னல் வழியாகக் கீழே யாரோ ஒருவர் முப்பத்தொன்றாம் குழியில் சைக்கிளோடு இறங்கி ஏறும் சத்தம் கேட்டது.

“இல்லைன்னு போட்டா மூடிடுவாங்க. தெரியும்ல?”

“தெரியும்.”

“குழி நம்பரெல்லாம் அப்படியேதான் இருக்கும் சார். அதுல பதினேழு கையெழுத்து இருக்கு. ஆள் இல்லைங்கறதுக்காக அதை ரத்து பண்ண மாட்டாங்க.”

“இருக்கட்டும். நல்ல யோசனைதானே.”

“உங்க யோசனைதானே அது?”

“அவரோடது,” என்றார் புதுமையார்.

மதிப்பீட்டாளர் ‘இல்லை’ என்ற கட்டத்தில் டிக் அடித்தார். பிறகு ஏழு இணைப்புகளையும் அங்கேயே, அதே நாற்காலியில் உட்கார்ந்து எழுதினார். சாயங்காலம் ஆயிற்று. போகும்போது பாராட்டுப் பத்திரத்தைப் பைக்குள் வைக்கப் போனவர், கொஞ்சம் யோசித்து மேசைமேல் வைத்துவிட்டுப் போனார். பெயர் எழுதும் இடம் காலியாக இருந்தது.

மூடல் உத்தரவு தலைநகரத்தில் பிறந்து, வட்டாரத்தில் தவழ்ந்து, மாவட்டத்தில் ஒரு முத்திரைக்காகக் காத்திருந்து, கீழே வந்து சேர மூன்று மாதம் பிடித்தது. மேலே மூடப்பட்டும் கீழே திறந்தும் இருந்த அந்தப் பிரிவில் புதுமையார் ஒரு நாள்கூட விடுப்பு எடுக்கவில்லை. கடைசி வெள்ளிக்கிழமை ஆணையர் அறையில் கைகுலுக்கல் நடந்தது. வரிக்காரர் ஏதோ கேலி பேச வாயெடுத்து, பாதியில் மறந்துவிட்டதாகச் சொன்னார். சாவியை வாங்கிக்கொண்ட ஊழியர், குழிப் பெயின்ட் டப்பாக்களை அடுக்க அந்த அறையைக் கேட்டிருக்கிறார்கள் என்று சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை தங்கை போன் பண்ணினாள். “மெஷினை நகர்த்தியாச்சுண்ணா. எப்ப வர்றீங்க?”

“வர்றேம்மா. ஒரு வேலை இருக்கு.”

“வேலைதான் போயிடுச்சே?”

“அதனாலதான்.”

திங்கட்கிழமை காலை அவர் முகம் மழித்து, துவைத்த சட்டை போட்டுக்கொண்டு பஸ் நிலையத்துக்குப் போனார். முதலில் புறப்படுகிற வண்டி எதுவோ அதில் ஏறினார். ஐம்பது நிமிடத்தில் அடுத்த நகராட்சி. அலுவலகத்தைக் கண்டுபிடிக்க யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. எல்லா ஊரிலும் அது ஒரே மஞ்சள் நிறம்தான். மூன்று மாடி ஏறினார். முழங்கால் வலித்தது. தாழ்வாரத்தின் கடைசியில், பாதிப் பலகை மாட்டிய கதவு திறந்திருந்தது. உள்ளே இவர் வயதுக்காரர் ஒருவர் குண்டூசிகளை நீளவாரியாகப் பிரித்து அடுக்கிக்கொண்டிருந்தார்.

தலை தூக்காமலே சொன்னார். “வரி கட்டறது கீழ சார்.”

“தெரியும். இங்கதான் வந்தேன். உட்காரலாமா?”

குண்டூசிக்காரர் எழுந்தார். எழுந்த வேகத்தில் குண்டூசிகள் கலந்துவிட்டன. கைக்குட்டையை எடுத்து எதிர் நாற்காலியை ஒரு முறை துடைத்தார், சந்தேகம் வந்து இன்னொரு முறையும் துடைத்தார். “நீங்க அரசுப் பணியிலயா?”

“இல்ல. விடுவிச்சுட்டாங்க.”

“அப்ப பொதுமக்கள்.”

“ஆமா. போன வெள்ளிக்கிழமையிலேர்ந்து.”

புதுமையார் உட்கார்ந்தார். நாற்காலி புத்தம் புதிதாக இருந்தது, ஒரு காலில் இன்னும் பிளாஸ்டிக் உறை கழற்றப்படவில்லை. குண்டூசிக்காரர் பதிவேட்டைத் திறந்தார். கடைசியாக எழுதியிருந்த வரிசை எண் முந்நூற்றுப் பன்னிரண்டு. அதற்குக் கீழே பேனாவைக் கொண்டுபோனார். எழுதவில்லை. முன்பக்கத்தைப் புரட்டினார், மறுபடி கடைசிப் பக்கத்துக்கு வந்தார். அவர் காது மடல் சிவந்திருந்தது.

“என்ன நம்பர் போடறதுன்னு தெரியல சார்,” என்றார் மெல்ல. “முந்நூத்திப் பதிமூணா, ஒண்ணா?”

“அவசரமில்ல. அப்புறம் போட்டுக்கலாம்.”

“யோசனை என்ன கொண்டு வந்திருக்கீங்க?”

“ஒண்ணும் கொண்டு வரல. யோசனை இல்லாம உட்காரக் கூடாதா?”

குண்டூசிக்காரர் விதியை நினைவுபடுத்திப் பார்த்தார். “அமர்ந்து பேசணும்னு முதல் பக்கத்துல இருக்கு. யோசனை ரெண்டாவது பக்கத்துலதான் வருது.”

“ரெண்டாவது பக்கத்தை யார் படிக்கறாங்க?”

அவர் சிரித்தார். வெகுநாள் ஓட்டாத வண்டி மாதிரி அது ஒரு முறை இழுத்து நின்று, பிறகுதான் கிளம்பியது. பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகிக்கொண்டார்.

“திரும்பிப் போக பஸ் எத்தனை மணிக்கு சார் உங்களுக்கு?”

“கடைசி வண்டி அஞ்சரைக்கு.”

குண்டூசிக்காரர் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தார். பத்தரைதான் ஆகியிருந்தது. “இருங்க, தண்ணி கொண்டு வர்றேன்,” என்று சொல்லித் தாழ்வாரத்தில் ஓட்டமும் நடையுமாகப் போனவர், பாதியிலேயே நின்று திரும்பி, நாற்காலியில் ஆள் இருக்கிறாரா என்று பார்த்துவிட்டுப் போனார்.